அணுவை நம்பியவர்

வியன்னா மத்திய மயானத்திலே ஒரு கல்லறை. அதன் உச்சியில் ஒரு சமன்பாடு பொறிக்கப்பட்டிருக்கிறது. அங்கே துயில்பவர் 1844இல் அந்நகரிலேயே பிறந்த பௌதிகவியல் அறிஞர் லுட்விக் போல்ட்ஸ்மான்.

சூடான தேநீர் ஆறுகிறது. ஆறிய தேநீர் தானாகச் சூடேறுவதில்லை. ஏன்? வெப்பம் ஓரிடத்தில் குவிந்திருக்க அணுக்களுக்குள்ள வழிகள் சில; எங்கும் பரவிக் கிடக்கும் வழிகளோ எண்ணிலடங்கா. போல்ட்ஸ்மான் கண்ட விளக்கம் இது. அவ்வழிகளின் எண்ணிக்கையே அச்சமன்பாட்டின் உயிர்.

அணுவைக் கண்டவர் யார் என மாக் முதலானோர் மறுத்தனர். நெடுநாள் மனச்சோர்வும் வாட்ட, 1906 செப்டெம்பரில் டுயினோவில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அணுவுக்குச் சான்று காணும் வழியை 1905இலேயே ஐன்ஸ்டைன் எழுதியிருந்தார். 1908 முதல் பெரென் பரிசோதனைகளால் அதனை நிறுவினார். எதிரணியில் நின்ற ஒஸ்ட்வால்டும் 1909இல் அணுவை ஏற்றுக்கொண்டார். அதைக் கேட்கப் போல்ட்ஸ்மான் இருக்கவில்லை.