சூடும் காசும்

ஹாம் ரேடியோக்காரர்கள் வீட்டில் டிரான்ஸ்மிட்டர் சூடானால் சின்னதாக ஒரு ஃபேன் போதும். 1924-ல்?

அந்த வருடம் மே 16 அன்று சி.வி.கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் 'மதராஸ் பிரசிடென்ஸி ரேடியோ கிளப்' தொடங்கினார்கள். ஜூலை 31-ல் ஒலிபரப்பு. ஆரம்பத்தில் கையிலிருந்தது வெறும் 40 வாட் டிரான்ஸ்மிட்டர்!

எல்லாம் வால்வு காலம். உள்ளேயிருக்கும் இழை சூடேறினால்தான் எலெக்ட்ரான் கிளம்பும். அதே சூடு அளவு மீறினால் வால்வு காலி! சுற்றிலும் காற்றோட்டம் விடணும். மக்கர் செய்தால் வால்வை மாற்றிப் பார்க்கணும். சூட்டுக்கு இப்படி வைத்தியம் உண்டு. காசில்லாத வியாதிக்கு?

1927 அக்டோபரில் பணமுடையால் கிளப்புக்கு மூடுவிழா. ஆனால், டிரான்ஸ்மிட்டரைக் காயலான் கடைக்கு அனுப்பவில்லை, மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பியது. 1938-ல் அகில இந்திய வானொலி வரும்வரை சென்னைக்கு ரேடியோ என்றால் அதுதான்!