தக்காவிக் கடன் முதல் தென்னை நிவாரணம் வரை: தஞ்சை மாவட்டத்தில் பயிர்ச்சேத உதவியின் வரலாறு

மலேசியாவின் கோலா சிலாங்கூர், சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் வாழும் தமிழர் பலரின் முன்னோர் தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து நாகப்பட்டினம் துறைமுகம் வழியாகக் கப்பலேறியவர்கள். அவர்கள் புறப்பட்ட காலத்தில் விளைச்சல் பொய்த்த குடியானவனுக்கு அரசு செய்த உதவி முக்கியமாக இரண்டு வகைப்பட்டது. ஒன்று ‘வஜா’, அதாவது நிலத்தீர்வையைத் தள்ளுபடி செய்தல். மற்றொன்று ‘தக்காவி’, அதாவது விதைக்கும் மாட்டுக்கும் அரசு தரும் கடன். 1876-78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தை ஆராய்ந்த ஆணையம் 1880இல் அறிக்கை அளித்தபின், 1883ஆம் ஆண்டின் நில மேம்பாட்டுக் கடன் சட்டமும் 1884ஆம் ஆண்டின் உழவர் கடன் சட்டமும் தக்காவிக்குச் சட்ட வடிவம் தந்தன. வஜா தீர்வை கட்டுவோனுக்கே உரியது. தக்காவியோ பெரும்பாலும் நிலத்தை ஈடாகக் கொண்டது. எனவே நிலமற்ற பண்ணையாளுக்கு இரண்டிலும் பங்கில்லை. தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய கங்காணியின் முன்பணம்தான் அவன் கைக்கு எட்டியது.

கடன் நிவாரணமாக மாறியது விடுதலைக்குப் பிந்தைய வளர்ச்சி. இன்றைய முறையில் மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து, திருப்பிச் செலுத்த வேண்டாத ‘இடுபொருள் மானியம்’ வழங்கப்படுகிறது. அந்நிதியில் நான்கில் மூன்று பங்கு மத்திய அரசுடையது. 2015இல் இந்த நெறிமுறை குறிப்பிடத்தக்க வகையில் தளர்ந்தது: அதுவரை பாதிக்குப் பாதி பயிர் அழிந்தால்தான் கிடைத்த உதவி, 33 விழுக்காடு சேதத்துக்கே கிடைக்கலாயிற்று, பாசன நிலத்துக்கான தொகை ஹெக்டேருக்கு 9,000 ரூபாயிலிருந்து 13,500 ஆக உயர்ந்தது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டபோது நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் என்று கணக்கிடப்பட்டது இந்த விகிதத்தின்படியே.

நெல்லுக்கு வகுத்த அளவுகோல் மரப்பயிருக்குப் பொருந்தாது என்பதைக் கஜா புயல் காட்டியது. 2018 நவம்பர் 16 அன்று பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. விழுந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்தினால்தான் புதுக்கன்று வைக்க முடியும் என்பதால், அரசு மரத்துக்கு 600 ரூபாயும் அகற்றும் செலவுக்கு 500 ரூபாயும் ஆக 1,100 ரூபாய் அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கொண்டால் 1,92,500 ரூபாய். கன்று காய்ப்புக்கு வரும்வரை ஆண்டுக்கணக்கில் வருமானமின்றிக் காத்திருக்கும் குடும்பத்துக்கு இது போதாது. ஆயினும் சாய்ந்த மரத்தின் மீது அரசு கூர்ந்து பார்வை செலுத்தியது எனலாம். 2020 இறுதியின் நிவர், புரெவி புயல்களுக்குப் பின்னர் நெல்லுக்கும் ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று மாநில அரசு தன் பங்கைக் கூட்டியது.

தொகை உயர்ந்த அளவுக்கு, அது சேரும் வழி மாறவில்லை என்பதே இம்முறையின் முக்கியக் குறை. கதிர் முற்றிய சம்பாப் பயிர் தை மழையில் சாய்ந்து நெல்மணி முளைவிட்டுக் கிடக்கும் வயலை, வேளாண் அலுவலரும் கிராம நிர்வாக அலுவலரும் பார்வையிட்டு விழுக்காடு எழுதுகின்றனர். பணம் போகும் திசையை முடிவுசெய்பவை சிட்டாவும் அடங்கலும். சிட்டா நில உரிமையைக் காட்டுவது, அடங்கல் யார் என்ன பயிரிட்டார் என்பதைப் பதிவு செய்வது. கோயில், மடத்து நிலங்கள் மிகுந்த தஞ்சையில் வாய்மொழிக் குத்தகை பரவலாக நிலவுகிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இல் சட்டம் வந்தும், பதிவை நிலவுடைமையாளர் விரும்பாததால் பலர் ஏட்டுக்கு வெளியே நின்றனர். விதை, உரம், கூலி ஆகிய செலவு முழுவதும் அவர்களுடையது. அடங்கலில் பெயரில்லாவிட்டால் மானியம் பட்டாதாரரின் வங்கிக் கணக்குக்கே போகிறது. அறுவடை இல்லாமல் போன கூலியாளின் நாள்களுக்கு இடுபொருள் மானியப் படிவத்தில் இன்றும் கட்டமே இல்லை.