கிளவுட் ஹோஸ்டிங்

இணையதளத்தைத் தனி சர்வரில் வைக்காமல், தரவு மையத்திலுள்ள பல சர்வர்களின் திறனைத் தேவைக்கேற்ப வாடகைக்கு எடுக்கும் முறை. ஒரே இயந்திரத்தைப் பல மெய்நிகர் சர்வர்களாகப் பிரிக்கும் மென்பொருளே இதன் அடிப்படை. அமேசான் 2006இல் இம்முறையை வணிகச் சேவையாக்கியது. மைக்ரோசாஃப்ட் 2015இல் சென்னை, புணே, மும்பையிலும், அமேசான் 2016இல் மும்பையிலும் மையங்களைத் திறந்தன.

தனி சர்வருக்கு ஆள் வந்தாலும் வராவிட்டாலும் வாடகை ஒன்றே. உச்ச நெரிசலைக் கணக்கிட்டே அதை எடுக்க வேண்டும். தீபாவளியை ஒட்டி மட்டும் கூட்டம் குவியும் திருப்பூர் பின்னலாடைக் கடையின் தளத்துக்கு அது வீண்செலவு. கிளவுடில் திறனைச் சில நிமிடங்களில் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் ஆண்டு முழுதும் ஒரே சீராக ஓடும் தளத்துக்குத் தனி சர்வரே மலிவாக அமைவதுண்டு. விற்பவர்கள் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

சொந்த சர்வரிலிருந்து கிளவுடுக்கு நகரும் மாற்றத்தைக் கோயம்புத்தூரில் காட்டும் நிறுவனம், சரவணகுமார் 2011இல் தொடங்கிய கோவை.கோ. அதன் முதல் மென்பொருளான பிஸ்டாக்360, மைக்ரோசாஃப்டின் ஒருங்கிணைப்பு மென்பொருளான பிஸ்டாக் சர்வரை நிர்வகிப்பது. அதாவது, பெரும்பாலும் வாடிக்கையாளர் தம் வளாகத்திலேயே வைத்திருக்கும் சர்வர்களுக்கானது. பின்னர் சர்வர்லெஸ்360 என்ற பெயரில் வந்த மென்பொருள், அதே மைக்ரோசாஃப்டின் அஷூர் கிளவுடைக் கண்காணிக்கிறது. கணக்குப் பதிவியல் முதல் மின்னஞ்சல் வரையான மென்பொருள்களைக் கிளவுடில் விற்கும் சோஹோ நிறுவனமோ, அடுத்தவர் கிளவுடை நம்பாமல் சொந்தத் தரவு மையங்களை நடத்துகிறது.