மலிவு யாருக்கு?

1845இல் அமெரிக்க மதுரை மிஷன் கோடைக்கானலில் எழுப்பிய முதல் இரு பங்களாக்களுக்குப் பெயர் இருக்கிறது: சன்னிசைட், ஷெல்டன். சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தப்பி வந்த வெள்ளையரை மோட்டார் சாலை வருமுன் டோலியில் சுமந்தவங்க எங்கே படுத்தாங்க? மலைவாசத்தல வரலாறு இதைக் கேட்பதில்லை.

வட்டக்கானலை இக்கேள்வியோடுதான் வாசிக்க வேண்டும். பாம்பார் சோலையருகே, டவுனுக்கு வெளியே, உழைப்பவர்கள் வாழும் சிற்றூர். ராணுவ சேவை முடித்த இஸ்ரேலிய இளைஞர்கள் ‘வாடகை கம்மி’ என்று வந்து தங்கத் தங்க, ‘குட்டி இஸ்ரேல்’ ஆனது. ஷெக்கலில் எண்ணுபவருக்குக் கம்மிதான். அறையை விடுகிற வீட்டுக்காரருக்கும் வரும்படி. தினக்கூலியில் வாடகை கட்டுகிறவரோ அதே ஷெக்கலோடு போட்டி போட்டாக வேண்டும். மலிவு என்ற சொல்லுக்குள் ஒளிந்திருப்பது இந்தப் போட்டிதான்.