எண்ணுக்கு வயதில்லை, காகிதத்துக்கு உண்டு

எங்கள் வீட்டு ஃபியட் 1100 வண்டியை அப்பா 1968-இல் வாங்கினார். பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்த வண்டி. ஸ்டீயரிங்கிலேயே கியர், முன்னால் நீளமாக ஒரே சீட். எம்.எஸ். என்று தொடங்கும் மெட்ராஸ் நம்பர். 57 வருடமாக அந்த நம்பர் மாறவில்லை. ஆனால் அந்த நம்பருக்கு உரிய காகிதம் எத்தனை தடவை உயிர் போய் உயிர் வந்தது என்பது தனிக்கதை. சென்ற ஆண்டு கடைசியில் மறுபடியும் அதைப் புதுப்பிக்க அலைந்தபோது, இந்த நம்பர் பிளேட் சமாச்சாரத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறதே, எழுதி வைக்கலாமே என்று தோன்றியது.

மெட்ராஸில் மோட்டார் கார் வந்தது 1901 வாக்கில். பாரி கம்பெனி டைரக்டர் யார்க் என்ற துரை அடையாறிலிருந்து பாரிமுனைக்குத் தினமும் காரில் போவார், ஜனங்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள் என்று சொல்வார்கள். ஆனால் எம்.சி. 1 என்ற முதல் நம்பர் அவருக்குக் கிடைக்கவில்லை. அது சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்குப் போனது. மெட்ராஸ் துறைமுகத்தைக் கட்டி உருவாக்கியவர் இவர். இந்தியர்களில் முதலில் கார் வைத்திருந்தவர் நம்பெருமாள் செட்டியார். அவருடைய பிரெஞ்சு நாட்டு வண்டிக்கு எம்.சி. 3. ஹைகோர்ட், விக்டோரியா பப்ளிக் ஹால் போன்ற கட்டடங்களை எழுப்பிய கான்ட்ராக்டர் அவர்தான்.

இந்த இரண்டு நம்பர்களுக்கும் இன்னொரு சம்பந்தம் உண்டு. 1912-இல் துறைமுக ஆபீஸில் ஒரு ஏழை குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய கணக்கைப் பார்த்து ஆதரித்தவர்களில் எம்.சி. 1-இன் சொந்தக்காரர் ஒருவர். அதே குமாஸ்தா லண்டனிலிருந்து நோயாளியாகத் திரும்பி, 1920-இல் சேத்துப்பட்டில் கண்ணை மூடியது எம்.சி. 3-இன் சொந்தக்காரருக்குச் சொந்தமான வீட்டில். குமாஸ்தாவின் பெயர் ராமானுஜன். லண்டனில் ஹார்டி வந்த டாக்ஸியின் 1729 என்ற நம்பரைச் சாகாவரம் பெற்றதாக ஆக்கிவிட்டவரும் அவரேதான்.

போகட்டும், சட்டத்துக்கு வருவோம். நாடு முழுமைக்குமான முதல் மோட்டார் சட்டம் 1914-இல் வந்தது. 1939 சட்டம் ஒவ்வொரு மாகாணத்துக்கும் எழுத்துக்களைப் பிரித்துக் கொடுத்தது. எம்.எஸ்., எம்.டி. எல்லாம் நம் மெட்ராஸுக்கு வந்தவை. 1969-இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனபிறகு டி.எம்., டி.என். என்று தொடங்கும் வண்டிகள் வந்தன. எம்.ஜி.ஆரின் டி.எம்.எக்ஸ். 4777 அம்பாசிடரை அறியாதவர் நம் வயதில் யார்?

1939 சட்டத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. பஸ், லாரி, டாக்ஸிக்குத்தான் தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., கட்டாயம். வீட்டுக் காருக்கு ஒரு தடவை ரிஜிஸ்டர் செய்தால் போதும். ஆர்.சி. புக்குக்கு ஆயுள் கெடு கிடையாது. பெயர் மாற்றினாலோ விலாசம் மாறினாலோதான் ஆபீஸ் வாசலை மிதிக்க வேண்டும்.

1988 சட்டம் 1989 ஜூலை 1-ஆம் தேதி அமலுக்கு வந்தபோதுதான் இது தலைகீழானது. டி.என். 01, டி.என். 02 என்ற புது நம்பர்கள் அதன்பின் வந்தவை என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் அதே சட்டத்தின் 41-ஆவது பிரிவில் அடங்கியிருந்த ஒரு வரியைப் பலர் கவனிக்கவில்லை. சொந்த வண்டியின் பதிவுச் சான்று 15 வருடத்துக்குத்தான் செல்லும். பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அதுவும், இந்தச் சட்டத்துக்கு முன்னால் கொடுத்த சான்றுக்கும் இதே கணக்குத்தான். அப்போது எங்கள் ஃபியட்டுக்கு வயது 21.

அப்பாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "பேர் வெச்ச பிள்ளைக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடியும் பேர் வைக்கணுமாடா?" என்றார். ஆனாலும் வண்டியைக் கழுவி, ஹார்ன், விளக்கு, வைப்பர் எல்லாவற்றையும் சரிபார்த்து, பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். மோட்டார் வாகன ஆய்வாளர் என்பதுதான் முறையான பெயர். ஆனால் நம் ஊரில் அவர் என்றைக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். சேஸிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சை அவர் புக்கோடு ஒப்பிட்டுப் பார்த்ததும், ஓட்டிப் பார்த்து பிரேக்கை ஒரு மிதி மிதித்ததும் எனக்கு நினைவிருக்கிறது. "சாருக்கு வண்டி மேல உசுரு போல" என்றார். அப்பாவின் கோபம் அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது.

அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை இது ஒரு சடங்கு மாதிரி ஆயிற்று. அப்பா போனபிறகு வண்டி என் பெயருக்கு மாறியது, சடங்கும் என் தலையில் விழுந்தது.

கஷ்டம் வந்தது கம்ப்யூட்டர் ரூபத்தில். சென்ற முறை புதுப்பிக்கப் போனபோது நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு வண்டியே இல்லையே சார்" என்றார்கள். கையில் ஆர்.சி. புக் இருக்கிறது, வாசலில் வண்டி நிற்கிறது, ஆனால் வண்டி இல்லை! பழைய கையெழுத்துப் பதிவேடுகளிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏறாமல் விட்டுப்போன வண்டிகளில் எங்களுடையதும் ஒன்று. அதற்கு பேக்லாக் என்ட்ரி என்று பெயர். முதலில் பதிவான ஆபீஸின் பழைய ரிஜிஸ்டரில் இருந்து விவரம் எடுத்து ஏற்ற வேண்டும். அது வரை கட்டணம்கூடக் கட்ட முடியாது.

மூன்று தடவை நடந்தேன். ரிஜிஸ்டர் இருக்கிறதோ, கரையான் தின்றதோ என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது நாள் ஒரு இளம்பெண் ஊழியர், என் பேத்தி வயதுதான் இருக்கும், "உட்காருங்க தாத்தா, தேடிப் பார்க்கிறேன்" என்று உள்ளே போனார். ஒரு மணி நேரம் கழித்துத் துணி பைண்டு போட்ட பெரிய புத்தகத்தோடு வந்தார். மசி மங்கிய வரியில் அப்பாவின் பெயர். பக்கத்தில் நான் பிறந்து வளர்ந்த வீட்டின் கதவு எண். அந்த வீடு இப்போது இல்லை. அப்பாவும் இல்லை. அரசாங்கத்தின் ஒரு புத்தகத்தில் இரண்டும் ஒரே வரியில் பத்திரமாக இருந்தன. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டதை அந்தப் பெண் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

இப்போது புதிதாக ஒரு வழியும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 வருடம் தாண்டிய கார், இருசக்கர வண்டிக்கு இது பொருந்தும். சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிய மாற்றம் இல்லாமல் அசலாக இருக்க வேண்டும். டீசல் இன்ஜின் மாற்றிய பழைய அம்பாசிடர்கள் இதில் தேறுவது கடினம். முதல் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். மறுபதிவுக்கு 5,000. புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மாநில எழுத்துக்குப் பின் வி.ஏ. என்று வரும். ஏற்கெனவே நம்பர் உள்ள வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் ராலிக்கும், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரிப் புழக்கத்துக்குக் கூடாது. சாதாரண வழியிலோ 2025 ஆகஸ்டில் கட்டணம் ஏறிவிட்டது. 2022-க்கு முன் 600 ரூபாயாக இருந்த காரின் புதுப்பிப்புக் கட்டணம் அந்த வருடம் 5,000 ஆகி, இப்போது 20 வயது தாண்டிய வண்டிக்கு 10,000. ஐந்து வருடத்துக்கு 10,000, பத்து வருடத்துக்கு 20,000. வருடக் கணக்குப் போட்டால் இரண்டும் ஒன்றே! ஆகவே கேள்வி பணம் இல்லை. வண்டியைக் காட்சிக்கு வைப்பதா, ஓட்டுவதா?

என் மகன் விண்டேஜ் என்றான். "மரியாதைப்பா, பத்து வருஷம் கவலையில்லை." நான் யோசித்தேன். அப்பா அந்த வண்டியை வாங்கியது அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகவும், எங்களைப் பள்ளிக்கூடத்தில் விடவும். வெள்ளிக்கிழமை மாலை என் வீட்டுக்காரியை அதில்தான் இன்றும் கோயிலுக்கு அழைத்துப் போகிறேன். அந்த ஒரு பயணத்தை விட்டுக்கொடுத்து வாங்கும் மரியாதை வேண்டாம் என்று தோன்றியது. பத்தாயிரத்தைக் கட்டினேன். பிரேக் இன்ஸ்பெக்டர் மிதித்துப் பார்த்தார். வண்டி நின்றது.

பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். உங்கள் நம்பர் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். கெடு முடியும் நேரத்தில் பார்த்தால் என் பாடுதான். முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25 கொடுக்கலாம். பச்சை வரி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்கட்டும். 15 வருடம் ஆனால் வண்டியை உடைத்துவிடுவார்கள் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். அது டெல்லி வட்டாரத்துக்குப் பசுமைத் தீர்ப்பாயம் போட்டு, 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த உத்தரவு. நம் பக்கம், வண்டி ஆய்வில் தேறினால் காகிதமும் தேறும்.

எனக்கு இப்போது 74. புதுச் சான்று 2030 வரை செல்லும். அடுத்த தடவை பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியை நிறுத்துவது நானா, என் மகனா, தெரியாது. ஆனால் எம்.எஸ். நம்பர் அப்படியேதான் இருக்கும்.