தொகுதிக்கு 565 பேர்

பூண்டுலோயாக் கடைவீதியில் இரண்டு பெரியவர்கள் கூடித் தேர்தற் பேச்சை எடுத்தால், அது எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் 2005ஆம் ஆண்டில் வந்து நிற்பதைக் காண்கிறோம். “வடக்கார் வாக்குப் போட்டிருந்தால் ரணில் வென்றிருப்பார்” என்று தீர்ப்புக் கூறிவிட்டு, தேநீரைக் குடித்து முடித்து எழுந்துவிடுவார்கள். அத்தீர்ப்புப் பொய்யன்று. ஆயினும் முழு உண்மையும் அதுவன்று என்பது எமது துணிபு.

2005 நவம்பர் 17ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் மஹிந்த ராஜபக்ஷ 4,887,152 வாக்குகளும், ரணில் விக்கிரமசிங்க 4,706,366 வாக்குகளும் பெற்றனர். வித்தியாசம் 180,786. விடுதலைப் புலிகள் வகுத்த பகிஷ்கரிப்பினால் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே வாக்களித்தனர். பத்தாண்டு கழித்து, 2015இல், யாழ்ப்பாணமும் வன்னியும் மாத்திரம் மைத்திரிபால சிறிசேனவுக்கு அளித்த மேலதிக வாக்குகள் 286,160. ஆகவே, வடக்கு வாக்களித்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

நிற்க. அந்தப் பகிஷ்கரிப்பை ஓர் அபேட்சகரின் பிரசாரம் தடுத்திருக்குமா? 2004இல் கருணா பிரிந்து சென்றமைக்குத் தங்கள் சமாதானத் தந்திரமே காரணம் என்று ஐக்கிய தேசியக் கட்சிப் பிரமுகர் சிலர் தேர்தற் காலத்தில் பெருமை பேசினர். வாயடக்கம் இல்லாத பேச்சு அது! தெற்கில் அதனால் எத்தனை வாக்குச் சேர்ந்ததோ. வடக்கிலிருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. ஆனால் அப்பேச்சு எழாதிருந்தாலும் வன்னியின் முடிவு மாறியிருக்கும் என்று எம்மால் சொல்ல முடியவில்லை. அக்கதவின் திறப்பு ரணிலின் கையில் இருக்கவில்லை.

அவர் கையில் இருந்தது தெற்கு. மஹிந்த செப்டெம்பர் மாதத்திலேயே மக்கள் விடுதலை முன்னணியோடும் ஜாதிக ஹெல உறுமயவோடும் உடன்படிக்கை செய்துகொண்டு, ஒற்றையாட்சியைக் காப்பேன் என்றார். அதோடு நிற்காமல், 50 கிலோ உரமூட்டை 350 ரூபாவுக்குத் தருவேன் என்று வயற்கரையில் நின்று சொன்னார். ரணிலும் சலுகைகள் அறிவித்தவரே. எனினும் அவர் பேச்சில் ஓங்கி ஒலித்தவை சமாதானமும் வெளிநாட்டு முதலீடும். நெல் விதைப்பவன் காதில் உரமூட்டையின் விலை விழுந்த அளவுக்கு முதலீடு என்ற சொல் விழவில்லை.

இவ்விடத்தில் வாலிபர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தெற்கில் மஹிந்தவுக்கு வாக்களித்தோருள் 90,394 பேர் மனம் மாறியிருந்தால் ரணில் மஹிந்தவை முந்தியிருப்பார். நாட்டில் தேர்தற் தொகுதிகள் 160. வகுத்தால் தொகுதிக்கு 565 பேர்! ஒரு பெரிய தோட்டத்தின் லயங்களில் இருக்கும் சனத்தொகைகூட இதற்கு மேல் வரும்.

அந்த 565 பேரை எப்படித் தேடியிருக்கலாம்? 2002 பெப்ரவரி 22ஆம் திகதி யுத்தநிறுத்த உடன்படிக்கைக்குப் பின், சிங்களக் கிராமங்களுக்குப் படைவீரரின் சவப்பெட்டிகள் வருவது பெரும்பாலும் நின்றிருந்தது. சமாதானத்தின் பயனை முதலாளிக்குச் சொன்னதுபோல, மகனைப் படைக்கு அனுப்பிய தாய்க்கும் அவள் வீட்டு வாசலிலே சென்று சொல்லியிருக்கலாம். “நாட்டைக் காட்டிக் கொடுத்தார்” என்ற பழிக்கு அதைவிடத் தக்க மறுமொழி வேறில்லை. ஒஸ்லோவில் பேசிய சமஷ்டியின் பொருளையும் எதிரி விளக்கும் முன்னர் தாமே விளக்கியிருக்கலாம்.

மலையகம் தன் பங்கைக் குறைவின்றிச் செய்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அன்று வாக்குச் சாவடிக்குச் சென்றனர். எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை அளித்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் ரணில் பிரதமராயிருந்த காலத்தது என்பது பலருக்கு நினைவிருந்தது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் மலையக மக்கள் முன்னணியும் ஒரே பக்கம் நின்றன. நுவரெலியா மாவட்டத்தில் நூற்றுக்கு 70 பேர் ரணிலுக்கு வாக்களித்தனர். இம்மாவட்டம் மட்டும் அவருக்குக் கொடுத்த மேலதிக வாக்கு ஏறக்குறைய ஒன்றரை இலட்சம். மறுநாள் மத்தியானம் முடிவு வானொலியில் வந்தது. இரண்டே ஆண்டுகளில், 2008 ஜனவரியில், யுத்தநிறுத்த உடன்படிக்கையும் முறைப்படி இல்லாது போயிற்று.