பிளஸ் ஒன் கணக்கைத் தாண்டிப் போகலாமா?



2025-26 கல்வியாண்டு முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. "அப்பாடா, பிள்ளைகளுக்கு ஒரு பாரம் குறைந்தது" என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தத் தேர்வு ஏன் வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தில் இருந்த நாளில், பள்ளிப் படிப்பு 11-ஆம் வகுப்போடு முடியும். பிறகு பி.யூ.சி. படிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டும். 1978-இல் மேல்நிலை வகுப்புகள் பள்ளிக்கே வந்தன. பாடம் இரண்டு ஆண்டு, பொதுத்தேர்வோ இரண்டாம் ஆண்டு முடிவில் மட்டும். ஓட்டை அங்கேதான் விழுந்தது.

2007-இல் பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கான மாநில நுழைவுத்தேர்வு போனது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய நன்மை. பொறியியல் கட்-ஆஃப் 200-இல் கணக்குக்கு மட்டும் 100. அதுவும் பிளஸ் டூ கணக்குதான். பிளஸ் ஒன் மதிப்பெண்ணை யாரும் கேட்கவில்லை. எனவே பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் சேர்ந்த உடனேயே பிளஸ் டூ புத்தகத்தைப் பிரித்தார்கள். ஒரே புத்தகம், இரண்டு வருடம். இருநூற்றுக்கு இருநூறும் வந்தது.

கணக்கு படி வைத்த பாடம். வகையிடல், தொகையிடல் என்றால் என்ன என்பது பிளஸ் ஒன்னில். அவற்றைக் கொண்டு பெருமம், சிறுமம், பரப்பு, கன அளவு காண்பது பிளஸ் டூவில். முதல் படி இல்லாதவன் சூத்திரத்தை மனப்பாடம் செய்து பிளஸ் டூவைக் கடந்துவிடுவான். கல்லூரி முதல் செமஸ்டர் கணக்கில் தடுமாறுவான். ஜே.இ.இ. தேர்விலும் இரண்டு ஆண்டுப் பாடமும் உண்டு.

இதைச் சரிசெய்யத்தான் 2017-இல் அரசு ஆணை பிறப்பித்து, 2018 மார்ச்சில் முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வை நடத்தியது.

பின்தங்கிய பகுதி என்று பெயரெடுத்த நம் ஊர்கள் இன்று முன்னே நிற்கின்றன. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் 2023-இல் பெரம்பலூர் முதலிடம், 2024-இல் அரியலூர். 2025 பிளஸ் டூவில் அரியலூர் 98.82 சதவீதத்தோடு முதலிடம். பெருமைதான். ஆனால் பிள்ளை படிப்படியாக ஏறி வந்தானா, தாவி வந்தானா என்று தேர்ச்சி விகிதம் சொல்லாது.

இனி காவல் நாம்தான். வீட்டில் பிளஸ் ஒன் பிள்ளை இருந்தால், பையில் எந்த ஆண்டுக் கணக்குப் புத்தகம் இருக்கிறது என்று பாருங்கள். பிளஸ் டூ புத்தகம் என்றால் பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, உங்கள் வகுப்பில் அந்த முதல் படியை யாரும் பிடுங்க விடாதீர்கள்.

அனைவருக்கும் என் ஆசிகள்.